பேபி ஒஃப் கவிரஞ்சினி

பெயர் வைக்கவில்லை இன்னும்.
மணிக்கட்டுப் பட்டியில்
என் பெயர்தான் இருந்தது.

முதலில் குதிக்கால்.
வெந்நீரில் நனைத்த துணியால் சூடேற்றி
ஊசியைத் தொட்டார் தாதி.
தடித்த கடதாசியில் அச்சடித்த வட்டங்கள்
ஒவ்வொன்றாய்ச் சிவந்து நிரம்பின.
"கழுத்துச் சுரப்பி வேலை செய்யுதோ எண்டு பாக்கிறது.
பிழையொண்டும் இல்லாட்டி நாங்கள் கூப்பிட மாட்டம்."
அன்றிலிருந்து
போன் அடிக்காத ஒவ்வொரு பகலும்
எனக்கொரு நல்ல செய்தி.

பிறகு காது.
பெரியாஸ்பத்திரியில் சத்தமில்லாத இடம் ஏது?
தள்ளுவண்டிச் சில்லு, சாப்பாட்டு வாளி,
பக்கத்துக் கட்டிலில் இரட்டைப் பிள்ளைகள்.
அனுசியா மிஸ் யன்னலைச் சாத்தினார்,
ஃபானை நிற்பாட்டினார்,
சுண்டுவிரல் நுனியளவு மெத்தென்ற ஒன்றைக்
காதில் பொருத்திவிட்டுக் காத்திருந்தார்.

நல்ல காது
கேட்பதோடு நிற்காதாம்.
உள்ளே போன சத்தத்துக்குத்
தானும் ஒரு சத்தம் திருப்பி அனுப்புமாம்.
எங்களுக்குக் கேளாது.
மெசினுக்குக் கேட்கும்.

வலக்காது அனுப்பியது.
பச்சை எரிந்தது.

இடக்காதில்
மூன்று தரம் வைத்துப் பார்த்தார்.

"பயப்பிடாதேங்கோ. பனிக்குடத் தண்ணி கிடந்தாலும்
இப்பிடிக் காட்டும். ரண்டு கிழமையால கொண்டு வாங்கோ."
ரோஸ் கொப்பியில் ஒரு கோடு, ஒரு திகதி.

இவருக்குத் தொழிலே சத்தம்.
சண்டிலிப்பாயில் யசோ சவுண்ட்ஸ்:
எட்டுப் பெட்டி, ஒரு ஜெனரேற்றர்,
கடனில் வாங்கிய லான்ட்மாஸ்டர்.
கொடியேற்றத்துக்கு முதல் நாள்
ஹலோ ஹலோ வன் டூ த்ரீ என்று
ஊரை எழுப்புகிற மனிசன்
பதினாலு நாளும் தொட்டிலடியில் குந்தியிருந்து
விரலைச் சொடுக்கினார்.
சாவிக்கொத்தைக் குலுக்கினார்.
சட்டி மூடியைப் போட்டுப் பார்த்தார்.
நித்திரையில் அவள் இமை துடித்தால்
என்னைத் திரும்பிப் பார்ப்பார்: "கேட்டதெல்லே?"
எந்தக் காதுக்கு என்று
நான் கேட்கவில்லை.

ஒரு நடுச்சாமம்,
"வயித்தில இருக்கேக்க நீ தேருக்கு வந்தனியெல்லே...
பெட்டிக்குப் பக்கத்தில நிண்டனி..."
"விசர்க்கதை கதையாதேங்கோ" என்றேன்.
அந்தத் தேரை நானும்
இருட்டுக்குள் இழுத்துக்கொண்டுதான் கிடந்தேன்.

இரண்டாம் முறையும்
இடக்காது திருப்பி ஒன்றும் சொல்லவில்லை.
தேர்க் கதையை இவர் தொடங்கவும்
அனுசியா மிஸ் கையை உயர்த்தினார்:
"ஒரு தேரால காது போகாதண்ணா."
இனிப் பெரிய சோதனை,
பிள்ளை நித்திரையில், தலையில் வயர் ஒட்டி,
மூன்று மாதம் முடிய முதல்.
"கதைக்கிற வயசில தெரிய வந்தா
எவ்வளவு பிந்தியிருக்கும், யோசியுங்கோ."
யோசித்தேன். அழுதபடியேதான்.

ஓட்டோவில், கல்லுண்டாய் வெளிக் காற்றில்,
நெடுநேரம் பேசாமல் வந்தவர் சொன்னார்:
"ஒரு பெட்டியில போட்டாலும்
பாட்டு முழுசாக் கேக்கும் ரஞ்சி.
எந்தப் பக்கத்தால வருகுதெண்டுதான் பிடிபடாது."
"அப்ப ரோட்டில
நாங்கள் பிடிச்சுக்கொண்டு போவம்."

பால் கொடுக்கையில் ஒன்று கண்டுபிடித்தேன்.
வலப்பக்கம் எடுத்தால் வலக்காது மேலே,
என்ன சொன்னாலும் அவளுக்குப் போய்ச் சேரும்.
இடப்பக்கம் எடுத்தால்
அந்தக் காது என் கைமடிப்புக்குள் புதைந்துவிடும்.

நேற்று அயலில் கலியாண வீடு,
இவரின் பெட்டிகள்தான்.
யன்னல் கண்ணாடி நடுங்கியது.
இடப்பக்கம் எடுத்தேன்.
தூங்கிவிட்டாள்.

வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து
வியர்க்க வியர்க்க ஓடி வந்தார்:
"குறைக்கவோ?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.
"நாளைக்குப் பெயர் பதிய வேணும்.
உங்கட ஐசியை எடுத்து வையுங்கோ."